ஆடி கழியட்டும்

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி 1. காலையிலேயே வெயில். குழாயில் தண்ணீர் இல்லை. முடிக்க வேண்டியது: மாடிவீட்டம்மா ப்ளவுஸ் 3, எதிர்வீட்டுப் பெண் பாவாடை. கொக்கி தீர்ந்துவிட்டது.

தம்பி செந்தில் ஏழு மணிக்கே குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு தையல் மெஷின் பக்கத்தில் வந்து நின்றான். "ஆவணி பொறந்துடுச்சுக்கா. ஸ்ரீரங்கத்துக்கு போன் போடு."

"நல்ல நேரம் பார்த்துப் பண்றேன்டா" என்றேன். இன்னொரு பொய்.

எழுதியே விடுகிறேன், இதை யார் பார்க்கப் போகிறார்கள். வைகாசியில் ஸ்ரீரங்கத்தில் பெண் பார்த்தோம். காயத்ரி. தில்லைநகரில் ஒரு லேபில் வேலை. பஜ்ஜி, கேசரி. இவன் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் அவள் அப்பா எனக்கு போன் செய்தார். "பொண்ணுக்கு இஷ்டம் இல்லம்மா. மனசுல வச்சுக்காதீங்க." இவனுக்கு இது ஐந்தாவது இடம். வயது முப்பத்தி நாலு. அன்று சாப்பிடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். 'வேண்டாமாம்' என்று சொல்ல வாய் வரவில்லை. "ஆடி கழியட்டும்னு சொல்றாங்கடா" என்று சொல்லிவிட்டேன். ஊரில் எல்லா வீட்டிலும் சொல்வதுதான். அப்படிச் சொன்னால் கதை முடிந்தது என்று கேட்பவர்களுக்குத் தெரியும். இவனுக்கும் தெரியும் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

புழுக்கம். இரண்டு ப்ளவுஸ் முடிந்தது. ஒன்றில் கை இறக்கம் தப்பு, பிரிக்க வேண்டும்.

துணி ஊறவைக்கும்போது அவன் பேண்ட் பையில் ஒரு குட்டி நோட்டு. அவன் வேலை பார்க்கிற ஷோரூம் கணக்கு ஏதோ என்று பிரித்தேன்.

'8.10 பஸ். பச்சைச் சுடிதார். சம்மதம்.'
'ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெட்கம்.'
'இன்று பஸ்ஸை மாற்றினாள். என்னைச் சோதிக்கிறாள்.'
'அப்பாவோடு வந்தாள். பாவம், வீட்டில் கண்டிப்பு.'
'அழுதாள். எனக்காக.'

ஜூன் மாதத்திலிருந்து ஒரு நாள் விடாமல். தினமும் ஏழு மணிக்கு "ஸ்டாக் எடுக்கணும்க்கா" என்று இவன் கிளம்பியது இதற்குத்தான். நான் டிபன் கட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த இரண்டு வருடமும் மலம் மூத்திரம் எடுத்தவன் இவன். தெருவே சொல்லும், "உங்க தம்பி ஒரு பிள்ளைப்பூச்சிங்க." குடி இல்லை, சிகரெட் இல்லை, குரல் உயர்த்திப் பேசியதில்லை. பயப்பட வேண்டியது கை ஓங்குகிறவனைப் பார்த்துத்தான் என்று நினைத்திருந்தேன். இன்று இவனைப் பார்த்துப் பயமாக இருக்கிறது. கொக்கி வாங்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பன்னிரண்டு மணிக்கு போன். "அக்கா, நான் காயத்ரி. ஸ்ரீரங்கம்." என் கையில் கத்தரிக்கோல் அப்படியே நின்றது.

"மூணு பஸ் மாத்திட்டேன்க்கா. லேப் வாசல்ல நிக்கிறாரு. ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறாரு, சிரிக்கிறாரு. எனக்கு ராத்திரி தூக்கம் இல்ல. நாங்க அன்னிக்கே வேண்டாம்னு சொல்லிட்டோம்ல?"

சொன்னீர்கள். நான்தான் சொல்லவில்லை. அதை அவளிடம் சொல்லத் தைரியம் இல்லாமல், "நான் பேசிடறேன்மா. போலீஸுக்கு மட்டும் போயிடாதே, அவன் வேலை போயிடும்" என்றேன்.

"என் வேலைய நான் விடப்போறேன்க்கா" என்றாள். வைத்துவிட்டாள்.

வெட்கங்கெட்டவள் நான்.

ஆகஸ்ட் 20, புதன்

தூறல். ரசம், அப்பளம். அவன் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்து சொன்னேன். ஆடி என்றது நான் கட்டிய கதை, அவர்கள் வேண்டாம் என்று சொல்லி மூன்று மாதம் ஆகிறது என்று.

சிரித்தான். "அவங்க அப்பா அப்படித்தான் சொல்வாரு. அவ சொன்னாளா?"

"அவளே சொன்னாடா. நேத்து போன்ல. உன்னைப் பார்த்தா பயமா இருக்காம்."

அந்த முகத்தை மறக்க முடியாது. விளக்குப் போட்ட மாதிரி ஆனது. "அவளா போன் பண்ணா? நம்ம வீட்டுக்கா? என்னைப் பத்திப் பேசவா?" என் போனைக் கேட்டான். கொடுக்கவில்லை. கெஞ்சினான், அழுதான். மற்றது எதுவும் அவன் காதில் ஏறவில்லை. பயம் என்ற சொல்கூட அவனுக்கு இனிப்பாகத்தான் கேட்டிருக்கிறது.

நான் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்காவிட்டால்? தெரியவில்லை. இப்போது உண்மையைச் சொல்லியும் ஒன்றும் ஆகவில்லையே.

ஆகஸ்ட் 22, வெள்ளி

நேற்று எழுதவில்லை. எழுத முடியவில்லை.

நேற்றுக் காலை இவன் வெற்றிலை பாக்கு, பூ, பழம், பட்டுப்புடவை எல்லாம் தாம்பாளத்தில் வைத்துத் தனியாக அவள் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறான். "ஆடி கழிஞ்சிடுச்சு மாமா." அவர் கத்தியிருக்கிறார், அக்கம்பக்கம் கூடியிருக்கிறது. இவன் தட்டோடு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். மூன்று மணி நேரம். போலீஸ் வந்துதான் எழுப்பியது.

இன்று மகளிர் ஸ்டேஷன். யாரும் கூப்பிடவில்லை, நானாகப் போனேன். "நீங்க பொண்ணு வீடா, பையன் வீடா?" என்று அங்கிருந்த போலீஸ் அம்மா கேட்டார்.

"பையனோட அக்கா. பொண்ணுக்காக வந்திருக்கேன்."

ஆடிக் கதையைச் சொன்னேன். எடுத்து வைத்திருந்த அவன் நோட்டைக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டேன். பெற்றவள் இருந்திருந்தால் என்னை என்ன சொல்லியிருப்பாள்.

காயத்ரி அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இளைத்துப் போயிருக்கிறாள். கிட்டே போனேன். "வராதீங்கக்கா" என்றாள். நின்றுவிட்டேன். அவள் புகாரை ஒரு வரி விடாமல் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். பெஞ்சு பக்கம் திரும்பவே இல்லை.

பெஞ்சில் செந்தில். கன்னம் வீங்கியிருந்தது. என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தான். குனிந்தேன்.

"பாத்தியாக்கா? அவங்க அப்பா அவ்வளவு தடுத்தும், எனக்காக ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டா."