லவ் கேக்கில் எங்கே கத்தி வைப்பது?

என் அன்பான இஞ்சாருங்கோ,

கட்டின நாளிலிருந்து உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது தொடங்கினால் வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று பேசாமல் இருந்துவிடுவீர்கள். நீங்கள் இல்லாத இந்த லண்டன் டூட்டிங் வீடு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அதை முதலில் சொல்லிவிட்டுச் செய்திக்கு வருகிறேன்.

நம் மாதா கோவிலில் நாடுகள் தினம் முடிந்தது. நாட்டுக்கொரு மேசை, மேசைக்கொரு கொடி, சாப்பாடு. கொடியும் வேண்டாம், நாட்டின் பெயரும் வேண்டாம் என்று 'யாழ்ப்பாணம்' என எழுதி ஒட்டிய ஆள் நீங்கள்தானே? மன்னார்க்காரர் கோபித்த பிறகு அவர்களையும் சேர்த்தீர்கள். நீர்கொழும்புக் குமாரி, அந்தச் சிங்களப் பெண், இலங்கைக் கொடியோடு மற்ற மூலையில் இருப்பார். ஒரு தீவுக்கு ஏன் இரண்டு மேசை என்று கேட்ட பாதரிடம், "நீங்கள் அயர்லாந்துக்காரர், உங்கட தீவும் இரண்டாய்த்தானே கிடக்குது, உங்களுக்கே நான் விளங்கப்படுத்த வேணுமோ?" என்றீர்கள். மனுஷன் சிரித்துக்கொண்டு இரண்டாவது மேசையைத் தானே தூக்கிவந்து போட்டார்.

இந்த முறை மேசை தட்டுப்பாடு. பாதர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். உங்களை அடக்கம் செய்த பிறகு நம் மகள் ஷரோன் கோவில் பக்கமே வந்ததில்லை. என்ன நினைத்தாளோ, தானாக வந்து கேக் செய்கிறேன் என்றாள். ரவை, முந்திரிக் கஜு, ரோஜாப் பன்னீர் எல்லாம் போட்டு லவ் கேக். நம் வீட்டிலும் குமாரி வீட்டிலும் மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்குச் செய்கிற அதே கேக்தான். ஆனால் பிள்ளை இங்கே பிறந்தது அல்லவா, அதை இலங்கை வடிவத்தில் செதுக்கிக் கொண்டுவந்து வைத்தாள்.

சனம் கூடிவிட்டது. மன்னார் அன்ரன் முதலில் மன்னார்த் தீவைத் தேடினார். ஒரு கஜுவைக் காட்டியதும் சமாதானமானார். பாதர் கத்தியை எடுத்து, வடக்கும் தெற்கும் பிரிகிற இடமாகப் பார்த்து, வவுனியாவுக்குக் கொஞ்சம் கீழே வைத்தாரே பார்க்கலாம்! குமாரி வெட்டவே கூடாது என்றார். அன்ரன் வெட்டலாம், ஆனால் அப்படி வெட்டினால் நம் கிழக்கு விடுபட்டுப் போகும் என்றார். கத்தி கை மாறிக்கொண்டே போனது. மற்ற மேசைகளில் எல்லாரும் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டார்கள்.

"அம்மா, நான் பிழை செய்திட்டனா?" என்றாள் ஷரோன். கண் கலங்கியிருந்தது. இன்றைக்கு அழுதுகொண்டு போனால் இவள் இனி வரவே மாட்டாள் என்று எனக்குத் தெரியும். கத்தியைப் பிடுங்கி என் கைப்பைக்குள் வைத்தேன். லண்டனில் கத்தி கொண்டு திரிவது குற்றமாம், பரவாயில்லை.

"வெட்டத் தேவையில்லை. அவரவர் தங்கட கரையிலை கிள்ளிச் சாப்பிடுங்கோ" என்றேன்.

யாழ்ப்பாணம்தான் முதலில் காலியானது. சண்டை நாளில் அங்கேயும் அப்படித்தானே? அன்ரன் மன்னாரைக் கஜுவோடு விழுங்கினார். கடைசியில் கண்டி மட்டும் தனியே நின்றது. வெள்ளைக்காரர் கடைசியாகப் பிடித்தது கண்டியைத்தான் என்று பள்ளியில் படித்தோமே, அதே போலப் பாதர் அதை எடுத்துக்கொண்டார். அயர்லாந்துக்காரர் என்றாலும் பசி பசிதான். ஷரோன் விழுந்து விழுந்து சிரித்தாள். நீங்கள் போன பிறகு அவள் சிரித்து நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

குமாரிக்கு நல்ல தமிழ் தெரியும் என்பது உங்களுக்கும் தெரியும். ஆனாலும் அவரோடு ஆங்கிலம் மட்டும்தான் பேசுவீர்கள்; அவர் தமிழில் தொடங்கினால் எழும்பிப் போய்விடுவீர்கள். மேசை துடைக்கிறபோது அவர் ஒரு துண்டைக் கடதாசியில் சுற்றி என் கையில் வைத்தார். நீர்கொழும்புப் பக்கம். தான் சாப்பிடாமல் எடுத்து வைத்திருக்கிறார்.

"அக்கா, இது அண்ணனுக்கு. கல்லறைக்குப் போகும்போது நானும் வரவா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓம், வாங்கோ என்றுவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை.

வருகிற ஞாயிறு பூசை முடிய ஷரோனோடு மூன்று பேரும் வருகிறோம், இது சத்தியம். குமாரி உங்களோடு தமிழில்தான் பேசப்போகிறாராம். நீங்கள் முகத்தைத் திருப்பினால் எங்களுக்குத் தெரியாது. ஆனால் இந்த முறை எழும்பிப் போக உங்களுக்கு ஏலாது.

இன்னமும் உங்களோடு வாக்குவாதப்படுகிற,
உங்கள் மனைவி,
ஷரோனின் அம்மா