பென்சிலில் எழுதிய சாவுகள்

மே 14
வீட்டுச் சிறை, மூன்றாம் நாள். குற்றம்: "நாளை முழுக்கத் தண்ணீர் வராது" என்று எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக் சுவரில் பொய் நோட்டீஸ் ஒட்டியது. கீழ்வீட்டுத் தனபாக்கியம் அத்தை குக்கரில்கூடப் பிடித்து வைத்தார். தண்டனை: போன் பறிமுதல். பொழுதுபோக அம்மா லைப்ரரியிலிருந்து கொண்டுவந்தது ஐந்து தலைமுறைக் குடும்ப நாவல், 540 பக்கம். எது தண்டனை என்றே தெரியவில்லை.

மே 16
முதல் பக்கத்திலேயே குடும்ப மரம். தாத்தா பேர் பேரனுக்கு, அவன் பேர் அவன் பேரனுக்கு. மூன்று அய்யாசாமிகள்! எங்கள் டவுன்ஷிப் மாதிரி பிளாக் 1, 2, 3 என்று நம்பர் போட்டுக்கொண்டேன். மூவருக்கும் ஒரே மூக்கு, ஒரே கோபம், ஒரே அரிசி மில். ஒருத்தனாவது "எனக்கு மில் வேணாம்" என்று சொல்ல மாட்டானா?

மே 19
அப்பா நிலக்கரி மைன்ஸ் அப்ரண்டிஸ் விண்ணப்பத்தை மேசையில் வைத்தார். கடைசி நாள் ஜூன் 6.

"பாண்டிச்சேரியில இதழியல் படிக்கிறேன்ப்பா."

"உங்க தாத்தா மைன்ஸ். நான் மைன்ஸ். நீ மட்டும் என்னடா ஸ்பெஷலு?"

அம்மா: "வாயக் குறை ஹரி. பர்மனன்ட் ஆயிட்டா இதே மாதிரி குவார்ட்டர்ஸ் கிடைக்கும்."

இதே மாதிரி. அதுதானே பயம்!

மே 20
மரம் மண்ணுக்குள் போனால் நிலக்கரி. குடும்ப மரமும் அப்படித்தான் போல.

மே 24
கடுப்பு. லைப்ரரியில் அடுத்து எடுக்கிறவன் அனுபவிக்கட்டும் என்று, மரத்தில் ஒவ்வொரு பேருக்குப் பக்கத்திலும் அந்த ஆள் சாகிற பக்கத்தைப் பென்சிலில் எழுதினேன். முதல் அய்யாசாமி 97. மருமகள் 203. வளர்மதி 412. அவளுக்கு மட்டும் அழுதேன். சரி, கண்ணில் தூசி.

மூன்றாம் அய்யாசாமிக்கு எழுத ஒன்றுமில்லை. 382இல் மில் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு பஸ் ஏறுகிறான். அப்புறம் ஆளே வரவில்லை. எங்க போனான்? சாப்பிட்டானா? போறவனைப் பத்தி ஒரு வரி எழுதக் கூடாதா?

மே 29
புத்தகத்தைக் காணோம்.

ஜூன் 2
இத்தனை நாளும் அது அப்பாவின் ஷிப்ட் பையில், டிபன் டப்பாவுக்கு அடியில்! ராசிபலனைத் தாண்டிப் படிக்காத மனிதர். எந்த அய்யாசாமி என்று குழம்பி இன்றுதான் மரத்தைப் புரட்டியிருக்கிறார். வாசலிலேயே கத்தல்:

"வளர்மதி செத்துடும்னு எவன்டா எழுதினது? அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆவுமா ஆவுமான்னு நாலு நாளா படிச்சிகினு இருக்கேன்!"

நான் சுவரோடு சுவரானேன். கொஞ்சம் கழித்து அப்பா, மெதுவாக:

"கடைசிப் பையனுக்கு நம்பர் போடலியே. சாவலியா?"

"தெரியலப்பா. ஊர விட்டுப் போனப்புறம் அவனப் பத்தி ஒண்ணுமே இல்ல."

"ம்" என்றார். சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

ஜூன் 5
விண்ணப்பத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன், அப்பாவும் போட்டார். நாளை வேலைக்குப் போகும்போது அவரே கொடுத்துவிடுவாராம். அவ்வளவுதான். மூன்றாம் தலைமுறை, ஆஜர்.

ஜூன் 6
அப்பா வந்ததும் அம்மா கேட்டார்: "குடுத்துட்டீங்களா?"

"மறந்துட்டேன்."

"இன்னிக்குத்தாங்க கடைசி நாளு!"

அவர் டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருடத்தில் ஒருநாள்கூட ஷிப்ட் பஸ்ஸைத் தவறவிடாதவர்.

பையைத் திறந்தேன். விண்ணப்பம் நாவலுக்குள் இருந்தது, படித்த இடத்துக்கு அடையாளமாக. 382ஆம் பக்கம், சாவியை ஆணியில் மாட்டுகிற இடம்.