இடுப்பு உயரக் கோழி

இன்று காலையில் நம் தெருச் சுவரில் எவனோ ஒரு விளம்பரத் தாளை ஒட்டிவிட்டுப் போனான். அவன் சைக்கிள் தெருமுனை திரும்புவதற்குள் என் செவலைக்கோழி வந்து அதன் ஓரத்தைக் கொத்தத் தொடங்கிவிட்டது. ஈர மைதாப் பசையின் வாடை வாசல் வரைக்கும் வந்தது. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பாத்தியாடி, எத்தனை வருசமானாலும் இதுகளுக்குப் புத்தி வரல" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, நீ நிற்கிறாயா என்று திரும்பியும் பார்த்தேன். நீ போய் இந்த மழையோடு ஒரு வருசம் ஆகிறது. என் வாய்க்கு அது இன்னும் தெரியவில்லை.

நம் புறவாசல் சுவர் விழாமலிருந்தால் நமக்குள் பழக்கமே வந்திருக்காது. நான் பள்ளிக்கூட டீச்சர், காலையில் போனால் சாயங்காலம்தான் வீடு. நீ விருதுநகரிலிருந்து வாக்கப்பட்டு வந்த புதுப்பெண், தெருவாசலுக்கு வரக்கூடாது. உன் மாமியார் அந்த விசயத்தில் கறார். ஐம்பதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி மழையில், நம் இரண்டு புறவாசலுக்கும் நடுவில் இருந்த மண்சுவர் நடுவாக்கில் பொதுக்கென்று சரிந்தது. மறுநாள் அந்த இடிபாட்டின் மேல் நின்றுகொண்டு நீ என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது: "டீச்சர், உங்க வீட்ல கோளி இருக்கா?"

"ரெண்டு இருக்கு."

"எங்க வீட்ல நாலு. சேத்து வச்சுருவமா?"

பேர்கூடக் கேட்கவில்லை நீ. கோழியைக் கேட்டாய். சுவர் இடிந்த மேட்டிலேயே கூட்டை வைத்தோம். பாதி உங்கள் வீடு, பாதி எங்கள் வீடு. சீசன் முடியட்டும், ஆர்டர் போகட்டும் என்று ஆண்கள் சுவரைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனார்கள். அந்த ஒரு வருசமும் கோழிக்குத் தண்ணி வைக்க, கோழிக்குக் கம்பு போட, கோழியை அடைக்க என்று நீ ஒரு நாளைக்கு எத்தனை தடவை புறவாசலுக்கு வந்தாய்! ஆறு கோழிக்கு அம்புட்டுத் தண்ணி ஊத்தினால் அது வாத்தாகிவிடும் என்று என் வீட்டுக்காரர் கேலி பண்ணுவார்.

உன் மாமியாருக்கா தெரியாது? அடுத்த மழைக்காலம் நெருங்கும்போது உன்னைக் கூப்பிட்டு வைத்துச் சொல்லிவிட்டார். "போன மளையில அடுத்த தெருவுல கூடு கூடாச் செத்துச்சு. இந்த மளைக்கு இங்கன ஒரு கோளி செத்தாலும் சரி, மிச்சத்த வித்துட்டு, தை பொறந்ததும் கொத்தனார வரச்சொல்லிருவேன்."

அதை அப்படியே என்னிடம் வந்து சொன்னாய். "சுவரு வந்துட்டா நான் யாருகிட்டப் பேசுவேன் டீச்சர்? அடுப்புகிட்டயா?" என்றாய். எனக்கு மட்டும் என்ன? பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் கத்திவிட்டு வருகிற எனக்குச் சாயங்காலம் உன்னோடு பேசுகிற அந்த அரை மணி நேரம்தான் பேச்சு. மற்றதெல்லாம் சத்தம்.

ஆகவே கூட்டை மழைக்குத் தயார் பண்ண இறங்கினோம். கூடு மேட்டில் இருந்ததால் அடியில் தண்ணி நிற்காது. கூரைக்குப் புதுப் பனையோலை போட்டாயிற்று. கோழி மேய்கிற அடைப்புக்குள் ஓட்டாஞ்சல்லியும் ஆற்று மணலும் பரப்பி, சேறு மிதிபடாமல் செய்தோம். கூட்டுக்குள்ளே தீப்பெட்டிக் கம்பெனி மரத்தூளைக் கெட்டியாகப் போட்டோம். பிரச்சினை பக்கவாட்டில்தான். மூங்கில் தட்டி; ஆனைக்குட்டம் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிற மழை, வாடைக்காற்றோடு சேர்ந்து அந்த இடுக்கு வழியாக நேரே கோழி முதுகில் அடிக்கும்.

வழி கண்டுபிடித்தவள் நீதான். உங்கள் கடையே அச்சாபீஸ் கழிவுத்தாள் வாங்கி விற்கிற கடை. புறவாசலில் மூட்டை மூட்டையாகத் தீப்பெட்டி லேபிள் தாள்கள் கிடந்தன. அச்சு விலகி, படத்திலிருக்கிற கிளிக்கு ரெண்டு மூக்கு விழுந்து கம்பெனிக்காரன் தள்ளிவிட்ட தாள்கள். அதை ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டியில் ஒட்டினால் அட்டை மாதிரி ஆகிவிடும் என்றாய். "மேல ஒரு சாண் விட்டுருவோம். காத்துப் போகணும், ஈரந்தான் போகக்கூடாது."

நம் தெருவில் வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டுவார்கள். பசை என்றால் அதில் மயில்துத்தம் கலந்துதான் காய்ச்சுவார்கள். கலக்காவிட்டால் எலியும் கரப்பானும் தின்றுவிடும். பிறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும் அது. நீ பசைச்சட்டியை அடுப்பில் வைத்துக்கொண்டு என்ன சொன்னாய்? "துத்தம் வேணாம் டீச்சர். கோளி கொத்துச்சுன்னா செத்துப்போகும்ல." எவ்வளவு நல்ல மனசு! நானும் ஆமாமா என்று மண்டையை ஆட்டினேன். கைப்பழக்கத்தில் நீ ஒரு சிட்டிகை உப்பும் போட்டாய். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். படித்தவள், பட்டணம் போய்வந்தவள், ஒரு வார்த்தை கேட்டேனா?

உன் மாமியார் மத்தியானம் தொழுதுவிட்டுக் கண்ணசருகிற நேரமாகப் பார்த்து, சனி ஞாயிறு ரெண்டு நாளில் ஒட்டி முடித்தோம். கூட்டைச் சுற்றிலும் சிவப்பும் பச்சையுமாக ரெண்டு மூக்குக் கிளிகள். கல்யாண வீட்டுப் பந்தல் தோற்றுப்போகும். இடுப்பில் கைவைத்து நின்று, "எப்படி?" என்று கேட்டாயே, அந்த முகத்தை நான் இன்னும் மனசில் வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன். நீ கூட்டின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறாய். கோழிகள் ஆறும் தீவனப்பை புடைக்க, நடக்க முடியாமல் நடக்கின்றன. தட்டியில் கால்வாசித் தாள்கூட இல்லை. "டீச்சர், உப்புப் போட்டு விருந்து வச்சுட்டேன்" என்றாய். முதலில் சிரித்தோம். கண்ணில் தண்ணி வரச் சிரித்தோம். அப்புறம் பார்த்தால் உன் கண்ணில் தண்ணி நிற்கவே இல்லை. வானம் கறுத்துக்கிடந்தது. தாள் வேண்டிய மட்டும் இருந்தது. மறுபடி ஒட்டினாலும் மறுபடி தின்னும். துத்தம் போட ரெண்டு பேருக்கும் மனசு வரவில்லை.

அந்த வாரம்தான் கல்லறைத் திருநாள். என் மாமனார் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு நிற்கும்போதே தூறல் விழுந்து, கல்லறைத்தோட்டம் முழுக்க எரிந்துகொண்டிருந்த வத்திகள் பொசுக் பொசுக்கென்று அணைந்தன. எல்லாரும் ஓடினார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன். சிலுவை அடியில் உருகிக் கிடந்த மெழுகின் மேல் மழைத்தண்ணி முத்து முத்தாக உருண்டு ஓடியது. அடி அசடே, இதல்லவா என்று இருந்தது எனக்கு. கல்லறைத்தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை ஐயாவிடம் அந்த மெழுகைக் கேட்டேன். "கூட்டிப் போடப் போறதுதான், அள்ளிக்கிட்டுப் போங்க" என்றார். முந்தானை நிறையக் கட்டிக்கொண்டு வந்தேன்.

நீ ரெண்டடி பின்னால் போனாய். "அல்லாவே! கல்லறை மெளுகா? பேயி கீயி வந்து கோளியப் பிடிச்சிட்டா?"

"எங்க மாமனாரு உசுரோட இருக்கும்போதே முட்டை தொடமாட்டாரு. செத்த பெறகா கோழியப் பிடிக்கப் போறாரு? சட்டிய வை அடுப்புல" என்றேன்.

மறுபடி தாள் ஒட்டி, காய்கிற வரைக்கும் கோழிகளைக் கூடையில் கவிழ்த்து வைத்து, தேங்காய் நாரால் தொட்டுத் தொட்டு மெழுகைப் பூசினோம். உன் கையிலும் சூடு, என் கையிலும் சூடு. பாதி பூசும்போது உன் மாமியார் வந்து நின்றுவிட்டார். விரலால் தட்டியைச் சுண்டிப் பார்த்தார். டொக்கென்றது. "ம்... மளை வரட்டும், பாப்போம்" என்று போய்விட்டார்.

வந்தது. அது மழையா! ராப்பகல் தெரியாமல் ஊற்றியது. பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் வெயிலைக் கண்ணில் காணாமல் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். எனக்கு விடிந்ததும் முதல் வேலை குடையைப் பிடித்துக்கொண்டு புறவாசலுக்கு ஓடுவது. மெழுகு தாங்கியது. உள்ளே மரத்தூள் பொருபொருவென்று இருந்தது. கோழிகள் நம்மைப் பார்த்து, என்ன இப்ப என்கிற மாதிரி முழித்தன. கிளிகளைக் கொத்திப் பார்த்து, மெழுகு ருசிக்காமல் விட்டுவிட்டன.

அப்புறம் ஒரு நாள் காலையில் கறுப்பியைக் காணோம். உன் செல்லக்கோழி. கூட்டில் ஐந்துதான். அடைப்பில் இல்லை, விறகுக்கு அடியில் இல்லை, எங்கள் பக்கமும் இல்லை. நீ முக்காடு நனைய, சேறு பாவாடையில் ஏற, "பக்பக்பக்" என்று கூப்பிட்டுக்கொண்டே சுற்றினாய். குரல் அழுகையாகிவிட்டது. உன் மாமியார் அடுக்களை வாசலில் நின்று நம் இருவரையும் பார்த்துக்கொண்டே இருந்தார். சரி, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"ஏம்மா, மளையில நின்னு என்னத்துக்கு ஒப்பாரி?" என்று அதட்டிவிட்டு, உள்ளே அடுப்புப் பக்கம் கவிழ்த்திருந்த கூடையைத் தூக்கினார். கறுப்பி! இறக்கையில் ஒரு ரெண்டு மூக்குக் கிளி ஒட்டிக்கொண்டிருந்தது.

"நேத்து அடைக்கயில கூட்டுக்குள்ள போகாம அங்கன நின்னு நடுங்கிக்கிட்டு இருந்துச்சு. தூக்கியாந்து அடுப்படியில போட்டேன். என்ன முளிக்கிறீக ரெண்டு பேரும்? காப்பி குடிச்சீகளா?"

ஒன்று செத்தாலும் எல்லாம் போய்விடும் என்று சொன்ன மனுசி, சாகவிடாமல் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். அன்றைக்குத்தான் முதல்முதலாக உங்கள் அடுக்களையில் உட்கார்ந்து காப்பி குடித்தேன். நீ அழுதுகொண்டே சிரித்தாய். எனக்கும் அதே கதைதான்.

கோழி ஒன்றும் சாகவில்லை. ஆனால் மிச்சச் சுவரும் ஊறிச் சாய்ந்துவிட்டதே! இனிமேல் கட்டாமல் முடியாது என்று ஆண்கள் தை மாசம் கொத்தனாரைக் கொண்டுவந்துவிட்டார்கள். நீ எனக்கு முகம் கொடுக்கவே இல்லை. கல் ஏற ஏற ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். உன் மாமியார் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து, கொத்தனாரிடம் சொன்னார். "இங்கன கோளி போறதுக்கு ஒரு வாசல் விடுங்க."

"எம்புட்டு ஒசரம் விடட்டும் பெரியம்மா?"

உன் மாமியார் யோசிக்கவே இல்லை. கையைத் தன் இடுப்புக்கு மேலே வைத்துக் காட்டினார். "இம்புட்டு."

கொத்தனார் கையைப் பார்த்தார், கோழியைப் பார்த்தார், உன்னையும் என்னையும் பார்த்தார். நல்ல மனுசன், அந்த உயரத்துக்கே வாசல் விட்டுக் கல்லை எடுத்து வைத்தார்.

அந்த வாசல் வழியாக நான் எத்தனை ஆயிரம் தடவை வந்திருப்பேன்! வந்த தடவையெல்லாம் "குனிஞ்சு வாங்க டீச்சர்" என்பாய், சொல்லி முடிக்குமுன் நான் மண்டையை இடித்திருப்பேன். உன் பிள்ளைப்பேற்றுக்கு அந்த வழியாகத்தான் ஓடிவந்தேன். என் வீட்டுக்காரர் போனபோது நீ சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அந்த வழியாகத்தான் வந்தாய். மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, கோழி எல்லாம் அடைச்சாச்சா என்று நம் இரண்டு பேரையும் கேட்பார். அடைச்சாச்சு மாமி என்று ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லுவோம்.

உங்கள் வழக்கத்தில் அடக்கம் பண்ணிய கபருக்கு மெழுகுவத்தி ஏற்றுவதில்லை. தெரியும். இந்தக் கல்லறைத் திருநாளுக்கு நான் உனக்கென்று ஏற்றவும் இல்லை. எங்கள் ஆட்களுக்கு ஏற்றியதில் மிஞ்சிய துண்டுகளை எப்போதும் போல முந்தானையில் முடிந்து வந்து, உருக்கி, கூட்டின் தட்டிக்குப் பூசினேன். இப்போது தார்ப்பாய் கிடைக்கிறது, எதற்கு இந்தப் பாடு என்று மருமகள் கேட்கிறாள். கிடைக்கட்டும். கையில் அந்தச் சூடு பட்டால்தான் எனக்கு மழைக்காலம் வந்த மாதிரி இருக்கிறது. நீ எதிர்ப்பக்கம் பூசிக்கொண்டிருக்கிற மாதிரியும் இருக்கிறது.

போன வாரம் உன் மகன் வந்தான். சுவர் பழசாகிவிட்டது, மழை விட்டதும் இடித்துவிட்டுப் புதுசாகக் கட்டப்போகிறானாம். கேட்கவும் கூச்சம். உங்கள் வீட்டில் கோழி நின்றுபோய் எத்தனையோ வருசமாகிறதே, எதைச் சொல்லிக் கேட்பது? ஆனாலும் கேட்டுவிட்டேன். "ஏய்யா, கோழி போறதுக்கு ஒரு வாசல் விடுவீகளா?"

அவன் பழைய வாசலைப் பார்த்தான். என் நெற்றியில் இருந்த புடைப்பைப் பார்த்தான். அன்று காலையில்தான் அந்த வாசலில் மண்டையை இடித்திருந்தேன். அப்புறம் தன் கையைத் தூக்கி, என் தலைக்கும் மேலே ஒரு சாண் உயரத்தில் வைத்துக் காட்டினான்.

"இம்புட்டு ஒசரம் விடச் சொல்லிருக்கேன் டீச்சரம்மா. கோளிக்கும் வயசாச்சுல்ல, குனிய முடியாது."