அரைப்பேர்

அப்புத்தளை
4.6.1929

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

நலம். சம்பள சபையில் தொழிலாளர் பக்கத்துக்கு உங்களை நியமித்திருப்பதாகப் பத்திரிகையில் பார்த்தேன். தோட்டங்களுக்கு அரிசி விற்கும் கடைக்காரரை எந்தத் தொழிலாளி தேர்ந்தெடுத்தான் என்று கேட்கமாட்டேன். ஒரு காரியம் நடந்தால் போதும்.

பெண்ணாளுக்கு நாளுக்கு நாற்பத்துமூன்று சதம் என்று சட்டம் வந்ததிலிருந்து, இங்கே முழுநாள் கொழுந்தெடுத்தவளுக்கும் அரைப்பேர் போடுகிறார்கள். பாதிநாள் வேலை என்று கணக்கெழுதி, பாதிச் சம்பளம். நேற்று நான் படிப்பிக்கும் தோட்டப் பள்ளிக்கூட வாசலிலேயே கங்காணி, அதைத் தட்டிக்கேட்ட வடிவம்மாவிடம், "சட்டம் பேசுற வாய்க்கு அரைப்பேரே சாஸ்திடி" என்றான். அவள், "அப்ப நாளைக்கு அரைக்கூடைதான் எடுப்பேன். மீதிய நீங்க எடுங்க கங்காணி" என்றாள். சிரித்த பெண்களுக்கும் அரைப்பேர்.

சபையில் கேளுங்கள்.

தங்கை
சந்திரகாந்தி

பதுளை
11.6.1929

தங்கை சந்திரகாந்திக்கு ஆசீர்வாதம்.

அரிசியைக் குத்திக்காட்டாமல் உனக்குக் கடிதம் எழுத வராது. சித்திரைக்கும் நீ வரவில்லை என்று அண்ணிக்குக் குறை.

பெயரில்லாத முறைப்பாட்டைச் சபை எடுக்காது. பெயர்களோடு எழுதி, கைநாட்டு வாங்கி அனுப்பு. நான் இருக்கிறேன்.

ராமாமிர்தம்

அப்புத்தளை
17.6.1929

அண்ணாவுக்கு,

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். வடிவம்மா, பெரியாயி, தனலெட்சுமி. பெரியாயி பயந்தாள். "வாத்தியாரம்மாவோட அண்ணன்தானே, நம்மள விட்டுருவாரா" என்று வடிவம்மாதான் அவள் விரலைப் பிடித்து மையில் வைத்தாள்.

சபையில் தவிர வேறெங்கும் காட்டவேண்டாம்.

சந்திரகாந்தி

பதுளை
2.7.1929

அன்புள்ள தங்கைக்கு,

காரியம் சுமுகமாக முடிந்தது. சபை கூடுமுன் உங்கள் தோட்டத்துத் துரையைப் பார்த்துத் தாளைக் கொடுத்தேன். ஒரு பெரிய மனிதரிடம் முன்கூட்டிச் சொல்லாமல் சபையில் குற்றம் சாட்டுவது மரியாதையல்ல. எழுந்து நின்று கைகொடுத்தார். தாமே விசாரிப்பதாகச் சொன்னதால் சபையில் பேசவில்லை. அடுத்த வருஷமும் என்னையே நியமிப்பார்கள் போலிருக்கிறது.

பெண்களைப் பொறுமையாக இருக்கச் சொல்.

ராமாமிர்தம்

அப்புத்தளை
9.7.1929

ராமாமிர்தம் அவர்களுக்கு,

துரை விசாரித்துவிட்டார். சனிக்கிழமை காலை ஆட்கள் கூடும் பெரட்டில் கங்காணி மூன்று பெயர்களையும் வாசித்தான். அவன் கையில் இருந்தது நான் எழுதிய தாள். மூன்று குடும்பங்களையும் வேலையிலிருந்து நிறுத்தி, அன்றே லயத்து வீடுகளைக் காலிசெய்ய வைத்தார்கள்.

வடிவம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். "தொரைகிட்ட குடுக்கவா கைநாட்டு வாங்கினீங்க?"

"இல்லை."

"அப்ப யாரு குடுத்தா?"

"என் அண்ணன்."

திட்டியிருக்கலாம். "சரிங்க" என்று மட்டும் சொல்லிப் பானையைத் தலைக்குத் தூக்கிக்கொண்டாள்.

துரை கைகொடுத்ததை நீங்கள் ஆசையாக எழுதியிருந்த அந்த வரியைப் பார்த்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அந்தத் தாளை எழுதிய என் கையைப் பார்த்தாலும் அப்படித்தான்.

நடந்ததையெல்லாம் எழுதி, உங்களை நீக்கும்படி சபைக்கு இன்று தபாலில் அனுப்பிவிட்டேன். என் வேலை போகும். போனாலும் உங்கள் வீட்டுக்கு வரமாட்டேன்.

சந்திரகாந்தி