மூன்றாவதாகச் சொன்ன கதை

மார்ச் 3

ஆண்டவா, உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யலாம்னு எழுதுறேன். தம்பி ரிப்பேருக்கு வந்த ஃபிரிட்ஜைத் தனியாகத் தூக்கி, இடுப்பு பிடித்துப் படுத்துக்கிடக்கிறான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார முடியாது. நாடு பிடிக்கிற விளையாட்டு இல்லாமல் கிறுக்குப் பிடித்தவன் மாதிரி இருக்கிறான்.

"அந்த ஆட்டத்தை வச்சு ஆளுங்க எழுதுற கதையெல்லாம் படிப்பியேக்கா, நல்லதா ரெண்டு சொல்லேன்."

அவனே கேட்டான். வரலாற்றில் தோற்ற நாடு ஜெயித்திருந்தால் என்று ஆடிப் பார்த்து, ஆடினதையே கதையாக நெட்டில் எழுதுவார்கள். எனக்கு இதைப் பழக்கிவிட்டது அவன் மகள். தாயில்லாப் பிள்ளை, நான் வளர்த்தது. பார்த்த மாப்பிள்ளை வேண்டாம் என்று வீட்டை விட்டுப் போனவள். அவளைப் பற்றிப் பேச்செடுத்தால் தட்டு பறக்கும். போகும்போது நம்பர்கூடத் தரவில்லை. "நான் எழுதுறதைப் படிங்க அத்தை. உசுரோட இருக்கேன்னு தெரிஞ்சுக்கோங்க" என்றாள்.

மூன்று கதை சொல்லப்போகிறேன், படுத்தபடியே என் போனில் படிக்கட்டும். மூன்றாவது அவளுடையது, வேறு பெயரில் எழுதுகிறாள். இது ஏமாத்துறதா? நீதான் சொல்லணும்.

மார்ச் 6

முதலாவது, மங்கோலியர் கப்பல் கட்டி உலகத்தையே பிடிப்பது. பாதியில் விட்டுவிட்டான். "கணக்கு வாத்தியார் எழுதின மாதிரி இருக்கு."

மார்ச் 11

இரண்டாவது, ரோமாபுரி விழாமல் போன கதை. அதில் ஒரு ரொட்டிக்காரி. ஊரையே எதிரி வளைத்து நிற்கும்போதும் அடுப்பை அணைக்கமாட்டாள். எனக்கு உயிர். தம்பி மூக்கை உறிஞ்சினான். "சளி" என்றான். சளியாம்!

மார்ச் 16

மூன்றாவதைத் தொடங்கிவிட்டான். எதிரி வளைத்துவிட்ட கடலோரப் பட்டினம், அதை ஆளும் கிழட்டு ராஜா, சண்டை போட்டுக்கொண்டு வெளியேறிய மகள். கப்பல்கள் அவளிடம்தான். துறைமுக வாயை அடைக்கும் பெரிய சங்கிலியை ராஜா இறக்கினால் அவள் உள்ளே வரலாம், பட்டினம் பிழைக்கும்.

"யாருக்கா எழுதுறது? நானும் இப்படித்தான் முதல் வேலையா சங்கிலியை ஏத்துவேன்."

அப்பனும் மகளும் ஒரே நாற்காலியில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து ஆடினவர்கள். என் வாய் சும்மா இருக்குமா? இருந்தது. உன் புண்ணியம்.

மார்ச் 22

கடைசி அத்தியாயம் வந்தது. கிழவன் சங்கிலியை இறக்கவில்லை. மகள் கப்பலைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். பட்டினம் விழுந்தது. கீழே முற்றும். என்ன பொண்ணுடி நீ! இப்படியா முடிப்ப?

தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். சாப்பிடவில்லை.

மார்ச் 23

"அது அவதானே?"

தலையாட்டினேன். தட்டு பறக்கவில்லை.

"அந்த ராஜா இறக்கியிருப்பான்க்கா. வாயால சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். அதுக்குக் கீழ எழுது."

"அப்பா சொன்னார்னு போடவா?"

போர்வையை மார்புவரை இழுத்துப் போர்த்திக்கொண்டான். பிறகு, "போடு."

ஏப்ரல் 2

கதைக்குக் கீழே எழுதிப் பத்து நாள் ஆச்சு, பதில் இல்லை. ஆண்டவா, கண்ணைத் திற.

ஏப்ரல் 19

தம்பி எழுந்து நடக்கிறான். ஆட்டத்தைத் திறப்பதில்லை. பல் விளக்குவதற்கு முன்பே, "ஏதாவது வந்துச்சா?" "வரும்டா, அவளுக்கு என்ன வேலையோ" என்று நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது பாத்திரம் தேய்க்கும்போதுதான் நினைவு வந்தது. முன்பு வீட்டில் இருந்தபோது ஒரு கதையை அவள் முடித்த அன்று, "கீழ இத்தனை பேர் எழுதியிருக்காங்களே, படிக்கலையாடி?" என்று கேட்டேன். "முற்றும்னு போட்டுட்டா அந்தப் பக்கமே போகமாட்டேன் அத்தை" என்றாள்.