வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு

செப்டம்பர் 5, வியாழன்

இன்றைக்கு மட்டும் நான்கு பேர் ஒரே பாட்டைப் பாடினார்கள். "நான் ஒண்ணுமே பண்ணலைங்க, அதுவாவே போயிடுச்சு." கம்ப்யூட்டருக்குக் கால் முளைத்துவிட்டது போலிருக்கிறது.

மூன்றாவது மாடி மேலாளர் பாஸ்வேர்டைத் தப்புத் தப்பாக அடித்து, கணக்கே பூட்டிக்கொண்டது. "உங்க சிஸ்டமே சரியில்லை" என்று போனில் ஒரு பாட்டம் திட்டு. போய்ப் பார்த்தால், தடித்த ஃபைல் ஒன்று கீபோர்டின் மேல் சாய்ந்து ஷிஃப்ட் பொத்தானை அமுக்கிக்கொண்டிருக்கிறது. எடுத்து ஓரமாக வைத்தேன். "என்ன பண்ணீங்க?" என்றார் ஆச்சரியமாக. "கும்பிட்டேன் சார்" என்று நாக்கு நுனி வரை வந்தது. மென்று முழுங்கினேன்.

இத்தனை வருஷ ஐ.டி. வேலையில் நான் கற்றது ஒன்றுதான். "நீங்க என்ன பண்ணீங்க?" என்று யாரையும் கேட்கக் கூடாது. கேட்டால் பொய்தான் வரும். "இப்ப ஸ்க்ரீன்ல என்ன தெரியுது?" என்று கேட்க வேண்டும்.

பஸ்ஸில் நாத்தனார் வழியெல்லாம் பேச்சு. எங்கள் கம்பெனியிலேயே இரண்டாவது மாடியில் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து நாளெல்லாம் திட்டு வாங்குகிறவள், மாலையில் அத்தனையையும் என் காதில் கொட்டிவிட்டுத்தான் இறங்குவாள். அவளுடைய பழைய முதலாளி வெளியூரில் புதிதாக அலுவலகம் திறந்திருக்கிறாராம். நாலு பேருக்கு மேற்பார்வை, வந்துவிடு என்கிறாராம். அடுத்த வியாழக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"நான் எதுக்கு அண்ணி போகணும்? இங்கேயே டீம் லீடர் ஆக்கப்போறாங்க. குட்டிக்கும் இந்த ஸ்கூல் பிடிச்சுப்போச்சு."

எனக்கும் அவள் போவதில் விருப்பமில்லை. புருஷனை விட்டுவிட்டு மகளோடு எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம். முதல் மாதம் முறைத்துக்கொண்டோம். இப்போது அவள் இல்லாமல் பஸ்ஸில் போனால் பாதை நீளமாகத் தெரிகிறது.

செப்டம்பர் 9, திங்கள்

இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

காலையில் ஹெச்.ஆர். மேடம் என் மேஜைக்கே வந்தார். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் சிரிச்சமுகம். கல்யாணமோ கருமாதியோ, முகத்தில் ஒரே சிரிப்பு. கதவைச் சாத்தச் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஏழு பேரோட கணக்கை மூடணும். மெயில், கதவு கார்டு, எல்லாமே. அந்த நேரத்துல அவங்க எங்க ரூம்ல இருப்பாங்க. அதுவரைக்கும் உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான்."

மூடுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். தன் வேலை போகப்போகிறது என்று ஒரு மனிதனுக்குத் தெரியும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். இந்த உத்தியோகத்தின் சாபம் அது. இதுவரை ஒன்றிரண்டு பேர்தான். மூடிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன், கல்நெஞ்சக்காரி.

பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தேன். கணக்குப் பிரிவுப் பெரியவர். வரவேற்பில் இருக்கும் பெண். ஐந்தாவது பெயர் என் நாத்தனார்.

சிரிச்சமுகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "உறவுன்னு தெரியும். அதனாலதான் நேர்ல வந்தேன். விஷயம் வெளியில போச்சுன்னா எட்டாவது ஆள் நீங்கதான்." அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மாலை பஸ்ஸில், "ஏன் அண்ணி உம்முனு வர்றீங்க?" என்று கேட்டாள். தலைவலி என்றேன். தன் பையைத் துழாவி மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். பாவி, இல்லாத வலிக்கு விழுங்கினேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

சொல்லிவிட்டால் என்ன?

சொன்னால் அவள் சும்மா இருப்பாளா? தங்கமான மனசு, ஓட்டை வாய். போன வருஷம் ஒரு மேலாளருக்கு மாற்றல் என்று வாய்தவறிச் சொன்னேன், சாப்பாட்டு வேளைக்குள் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. இதைச் சொன்னால் நேரே சிரிச்சமுகத்தின் அறைக்குப் போய், "என்ன தப்பு பண்ணேன் நான்?" என்று மேஜையைத் தட்டுவாள். அவள் வேலையும் போகும், என் வேலையும் போகும். ஒரே வீட்டில் இரண்டு சம்பளம் ஒரே நாளில் நின்றால் என்ன ஆவது?

சரி, சொல்லாவிட்டால்? வியாழக்கிழமை அந்த வெளியூர் வேலையை வேண்டாம் என்பாள். வெள்ளிக்கிழமை இந்த வேலை போகும். அதுவும் இல்லை, இதுவும் இல்லை. பிள்ளையோடு நடுத்தெருவில் நிற்பாள், நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

இன்னொன்றும் குத்துகிறது. மற்ற ஆறு பேர்? அவர்களுக்கு அண்ணி இல்லையே. கணக்குப் பிரிவுப் பெரியவர் இன்றைக்கு பிரின்டரில் காகிதம் சிக்கிவிட்டது என்று கூப்பிட்டார். குனிந்து எடுத்துக்கொண்டிருந்தேன். "நீ இல்லேன்னா இந்த ஆபீஸே நின்னுடும்மா" என்றார். நான் நிமிரவே இல்லை.

செப்டம்பர் 11, புதன்

நான் ஒரு கூமுட்டை.

சுற்றி வளைத்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். சமையலறையில் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "அந்த வெளியூர் வேலையைப் பத்திக் கொஞ்சம் யோசியேன். மேற்பார்வைன்னா சும்மாவா? இங்க எப்ப எது நடக்கும்னு யாருக்குத் தெரியும்?" என்றேன். எவ்வளவு பக்குவமாகச் சொன்னேன் என்று எனக்கே பெருமை.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "அண்ணி, நாங்க இங்க இருக்கிறது உங்களுக்குக் கஷ்டமா இருக்கா?"

ஐயோ! அந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. அண்ணி என்றால் நாத்தனாரைத் துரத்தத்தான் பார்ப்பாள், ஊர் உலகத்தில் வேறு என்ன நினைப்பார்கள்? "சேச்சே, அப்படியெல்லாம் இல்லை" என்றேன். சொன்ன வேகத்திலேயே அது பொய் மாதிரி கேட்டது.

அவள் அண்ணனிடம் சொல்லியிருக்கிறாள். இவர் வந்து, "என் தங்கச்சியை அனுப்பிடலாம்னு பாக்கறியா? உனக்கு என்ன குறை வச்சா அவ?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் என்னிடம் அந்தக் குரலில் பேசியதில்லை. இவரிடமாவது சொல்லலாமா? இவர் தங்கையிடம் எதையும் மறைத்ததே கிடையாது. வாயை மூடிக்கொண்டேன்.

மகளுக்குப் பரிந்துகொண்டு அத்தை கூடத்திலிருந்து, யாருக்கோ சொல்வதுபோல், "இடம் குடுத்தவளே இடத்தைத் திரும்பக் கேக்குறாளாம்" என்றார்.

நாளைக்கு வேண்டாம் என்று சொல்லப்போகிறாள். முடிவு பண்ணிவிட்டாளாம்.

செப்டம்பர் 12, வியாழன்

செய்துவிட்டேன். எழுதினால்தான் ஆறும்.

காலையில் குட்டி பள்ளிக்குக் கிளம்பிப் போனதும் ஆரம்பித்தேன். பிள்ளை காதில் விழக்கூடாது என்று காத்திருந்தேன். அந்த அளவுக்கு யோசித்துச் செய்த காரியம். கோபத்தில் வந்ததில்லை.

"நேத்து கேட்டியே, கஷ்டமா இருக்கான்னு. ஆமா, கஷ்டமாத்தான் இருக்கு."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டு வருஷமாச்சு. எனக்கும் என் வீட்ல ஒரு அறை வேணும். நல்ல வேலை தானா தேடி வருது, நீ என்னடான்னா அண்ணன் வீட்ல உக்காந்துக்கிட்டுக் கசக்குதுங்கறே. போயேன். உன் சொந்தக் கால்ல நின்னு காட்டேன், பாப்போம்."

கடைசி வரிதான் கொன்றிருக்கும். அவளுக்கு எங்கே வலிக்கும் என்று எனக்குத் தெரியும். அதே இடத்தில் குத்தினேன். புருஷன் வீட்டில் அவளிடம் சொன்ன வார்த்தை அது, "உன்னால தனியா நிக்க முடியுமா?" என்று. என்னிடம் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறாள்.

அவள் கத்தவில்லை. கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "சரிங்க" என்றாள். அண்ணி என்று சொல்லவில்லை.

பஸ்ஸில் வரவில்லை. ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள்.

மத்தியானம் வரை எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஒருத்தருக்கு மாற்ற வேண்டிய மவுஸை இன்னொருத்தருக்கு மாற்றினேன். அவள் ரோஷப்பட்டு, "போகமாட்டேன், என்ன செய்வீங்களோ செய்ங்க" என்று இருந்துவிட்டால்? அதுவும் அவள் குணத்தில் உண்டு. நான் கெட்டவளும் ஆகி, அவள் வேலையும் போய்...

மூன்று மணிக்குமேல் இவர் போன் செய்தார். "அந்த வேலைக்குச் சரின்னு சொல்லிட்டாளாம். இங்க ராஜினாமாவும் குடுத்துட்டாளாம். சந்தோஷமா உனக்கு?"

கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷம்தான். சத்தியமாகச் சந்தோஷம்தான்.

செப்டம்பர் 13, வெள்ளி

ஒன்பது மணிக்குச் சிரிச்சமுகம் வந்தார். "ஏழு இல்லை, ஆறு. உங்க நாத்தனார் அவங்களாவே போறாங்க. நமக்கும் நல்லதாப் போச்சு." என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "நீங்க எதுவும் சொல்லலையே?"

"எங்க வீட்ல சண்டை மேடம். வேணும்னா யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

அது உண்மை என்பதால் குரல் நடுங்கவில்லை.

பதினோரு மணிக்கு ஆறு கணக்கையும் மூடினேன். ஐந்து பேர் அந்த அறையில் இருந்தார்கள். கணக்குப் பிரிவுப் பெரியவரை மட்டும் கூப்பிட மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. என் போன் அடித்தது.

"அம்மா, பாஸ்வேர்டு தப்புங்குது. நான் ஒண்ணும் மாத்தலையே."

"சரி பண்ணிடறேன்" என்று ஆயிரம் தடவை சொன்ன வாய். இன்றைக்கு அது வரவில்லை.

"சார், நீங்க ஹெச்.ஆர். ரூமுக்குக் கொஞ்சம் போங்க."

"எதுக்கும்மா?"

"போங்க சார்."

"ஓ" என்றார். வைத்துவிட்டார். நானே எழுந்து மாடிக்குப் போய் அவரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை.

இனிமேல் ஆள் அறைக்குள் வந்துவிட்டார் என்று எனக்குச் சொன்ன பிறகுதான் கணக்கை மூடுவேன் என்று சிரிச்சமுகத்துக்கு மெயில் எழுதினேன். வேலைக்கு வேட்டு வைத்தாலும் பரவாயில்லை.

மாலை, வீட்டில் இதே பேச்சு. நாத்தனார் என் பக்கம் திரும்பாமல் அத்தையிடம் சொன்னாள்: "ஆறு பேரை எடுத்துட்டாங்கம்மா. எங்க பிரிவுல யாரையும் தொடலை. நான் இருந்திருந்தா அடுத்த மாசம் டீம் லீடர்."

அத்தை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. தட்டில் இருந்ததைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

சொல்லியிருக்கலாம் இப்போதாவது. எல்லாம்தான் முடிந்துவிட்டதே. ஆனால் அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தானே வேலையை உதறியவள் என்று முகத்தில் ஒரு மிடுக்கு. அதை எப்படிப் பிடுங்குவது?

செப்டம்பர் 27, வெள்ளி

அவளுடைய கடைசி நாள். லேப்டாப்பை என்னிடம்தான் ஒப்படைக்க வேண்டும், வேறு வழியில்லை. சார்ஜர், மவுஸ், அடையாள அட்டை எல்லாம் மேஜையில் வரிசையாக வைத்தாள்.

"எல்லாம் சரியா இருக்குங்களா?"

"இருக்கு."

"தேங்க்ஸ் மேடம்."

பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். அதனால்தான் மேடம் என்றாள் என்று வைத்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் 28, சனி

ரயிலேற்றிவிட்டு இவர் மட்டும் திரும்பி வந்தார். என்னைக் கூப்பிடவில்லை. குட்டி மட்டும் கிளம்பும்போது ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

அறை காலியாக இருக்கிறது. என் வீட்டில் எனக்கு ஒரு அறை. உள்ளே போகப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 21, திங்கள்

அவள் தினமும் அண்ணனோடு பேசுகிறாள். நான் பக்கத்தில் இருந்தால் இவர் பால்கனிக்குப் போய்விடுகிறார். மற்றபடி பிரின்டர், பாஸ்வேர்டு, பிரின்டர்.

நவம்பர் 17, ஞாயிறு

மத்தியானம் என் போன் அடித்தது. அவள் பெயர். தப்பாக அழுத்தியிருப்பாள் என்று நினைத்து இரண்டு முறை மணியடிக்க விட்டேன். பிறகு பயந்துபோய் எடுத்தேன், குட்டிக்கு ஏதாவதோ என்று.

"இங்க ஒருத்தரை வேலையை விட்டு நிறுத்தப்போறாங்க" என்றாள். நலம் விசாரிப்பு இல்லை, ஒன்றும் இல்லை. "என் பிரிவுதான். நேத்து முதலாளி எனக்குச் சொன்னார். ஐ.டி. ஆளுக்கு மூணு நாள் முன்னாடியே சொல்லிட்டாராம். அப்படித்தான் எல்லா இடத்துலயும் வழக்கமாம்."

எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"அந்த வெள்ளிக்கிழமை கணக்கையெல்லாம் மூடினது யாரு?"

"நான்தான்."

"உங்களுக்கு எப்போ சொன்னாங்க?"

"திங்கள்."

எண்ணிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. புதன்கிழமை வெங்காயம் உரித்தது, வியாழக்கிழமை காலை, எல்லாவற்றையும்.

"திங்கக்கிழமையும் ஆறு பேர்தானா?"

"அதை என்கிட்ட கேக்காதே."

தொடர்பு போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. குட்டியிடம், "நீ போய் வெளையாடு, அம்மா வர்றேன்" என்றாள்.

"சாப்பிட்டீங்களா அண்ணி?" என்றாள்.

"இல்லை, இனிமேதான்" என்றேன்.