ஸ்டேஷனைப் பூட்டிய அன்று

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். இங்கே நாங்கள் இருவரும் சுகம்தான், என் முழங்காலை மட்டும் தனியாக விசாரிக்காதே.

போன வாரம் பாசஞ்சர் ரயிலையும் நிறுத்தி நம் ஸ்டேஷனைப் பூட்டிவிட்டார்கள். நீ பிறந்த சமயம் மூட்டைகள் பிளாட்பாரம் தாண்டி ரோடுவரை அடுக்கிக் கிடக்கும், ஏற்ற ஆள் போதாது, உன் அப்பா ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பியோடு கத்திக்கொண்டே திரிவார். அப்புறம் லாரிகள் வந்தன, சரக்கு போயிற்று, எக்ஸ்பிரஸ் நிற்காமல் ஓடியது. இவர் ரிட்டயர் ஆனதும் வேறு மாஸ்டரே போடவில்லை, டிக்கெட் கிளார்க்கையும் எடுத்துவிட்டார்கள். சாயங்காலம் வரும் அந்த ஒரு பாசஞ்சர்தான் மிச்சம், அதிலும் பாதி நாள் காற்று மட்டும்தான் இறங்கும். இருந்தும் இவர் தினமும் சவரம் செய்துகொண்டு போய் நிற்பார். நீ எத்தனை தடவை கூப்பிட்டாய், "நான் வந்துட்டா இங்க யாரு பாத்துக்குவா" என்பார், என்னமோ ரயிலை இவர்தான் தோள் கொடுத்துத் தள்ளுகிற மாதிரி. எனக்கு அலுத்துவிட்டது. இதை இழுத்து மூடினால் உன்னிடம் வந்து சேரலாமே என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டதும் உண்டு.

பூட்டிய அன்று நடந்ததைக் கேள். ரயில் போகிற சத்தம் கேட்டுத்தானே நான் அடுப்பைப் பற்றவைப்பேன், அன்றும் அதே நினைப்பில் காயை நறுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், இருட்டிவிட்டது. பூட்டிய ஸ்டேஷனுக்குப் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், "இன்னைக்கு ரொம்ப லேட்டோ" என்றார். இனிமேல் வராது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. சாப்பிட்டு எழும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "நாம ரெண்டு பேரும் போய் இருந்தா அவளுக்கு பாரமா இருக்குமா" என்று கேட்டார். யாரிடமும் எதையும் கேட்டறியாத மனுஷன். நான் நினைத்தது நடந்துவிட்டது, ஆனால் எனக்குத் துளிகூட சந்தோஷமில்லையடி.

மாப்பிள்ளையோடு ஒரு வார்த்தை கலந்து பேசிக்கொள். பேத்தியைச் சாப்பிடச் சொல்லி மிரட்டாதே, பசித்தால் தானே வருவாள். மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருங்கள். முக்கியமானது இதுதான், அவர் கேட்டார் என்று காட்டிக்கொள்ளாமல் நீயாகவே அவருக்கு ஒரு கடிதம் போடு. வந்து இருங்கள் என்று எழுதாதே, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் தவிக்கிறேன், நீங்கள் வந்தே தீரவேண்டும் என்று எழுது. வேலை இருக்கிறது என்றால்தான் அவருக்கு வரக் கால் எழும்பும்.

இப்படிக்கு,
உன் அம்மா